பனிச்சங்காய்ச் சாயமும் கூத்துக் கொப்பியும்

மன்னார்த்தீவில் இரும்பு நெடுநாள் நிற்காது. கிணற்றுக் கப்பி, கதவுக் கொளுக்கி, சைக்கிள் கம்பி எல்லாவற்றையும் உப்புக்காற்று இரண்டு வாடைக்குள் தின்று முடித்துவிடும். பேசாலையில் நாங்கள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோன அப்பியாசக் கொப்பிகளின் நடுவில் குத்தியிருந்த கம்பிகளுக்கும் அதே கதிதான். மார்கழி மழை விட்ட பிறகு விரித்துப் பார்த்தால் கம்பியைச் சுற்றித் தாள் மஞ்சளாகி, பிறகு செம்மண் நிறமாகி, விரல் பட்டவுடன் ஓட்டை விழும். நடுத்தாள்தான் முதலில் கழன்று போகும். அதனால் தவணை தொடங்கிப் புதுக் கொப்பிகள் வீட்டுக்கு வந்ததும் அப்பு செய்கிற முதல் வேலை, கம்பிகளைப் பிடுங்கி எறிவது. பிறகு திண்ணையில் சப்பாணி கட்டி உட்கார்ந்து ஒவ்வொரு கொப்பியையும் நூலால் தைப்பார்.

“நீ செத்தாலும் கொப்பி இருக்கோணும் பிள்ளை” என்பார். எட்டு வயதுப் பிள்ளைக்குச் சொல்கிற பேச்சா என்று ஆச்சி அடுப்படியிலிருந்து ஏசுவா. அவர் காதில் போட்டுக்கொள்ளமாட்டார்.

அப்பு என் அம்மாவின் தகப்பன். முழங்கால் மடங்காமல் போகும்வரை கரைவலைக்குப் போனவர். கூத்தில் இராசா வேடம் கட்டி ஆடியவர். கால் விட்டுப்போன பிறகு அவருக்கு மிஞ்சியவை குரலும் கையும்தான். குரலைக் கூத்துப் பழக்குகிற அண்ணாவியாருக்குப் பக்கத்தில் நின்று பிற்பாட்டுப் பாடக் கொடுத்தார், கையைக் கொப்பிகளுக்குக் கொடுத்தார். ஊரில் கூத்துக் கொப்பி பிரிந்து போனாலும், கோயில் பாட்டுப் புத்தகம் முதுகு கிழிந்தாலும், யாராவது வீட்டில் சின்னக்குறிப்பிடம் என்ற ஞானோபதேசப் புத்தகம் தாள் தாளாகிப் போனாலும் எங்கள் திண்ணைக்குத்தான் வரும். கூலி என்று எதுவும் கேட்டதில்லை. கொண்டுவருகிறவர்கள் இரண்டு பாரைக் குட்டியோ, ஒரு குட்டான் பனங்கட்டியோ வைத்துவிட்டுப் போவார்கள்.

நூல் விடயத்தில் அவர் பிடிவாதக்காரர். நைலோன் வந்து பருத்தி வலைகள் ஒழிந்துகொண்டிருந்த காலம் அது. கரையில் எங்கே கால் வைத்தாலும் தங்கூசித் துண்டு அகப்படும். அறாது, உக்காது, காசும் இல்லை. பிள்ளைகள் நாங்கள் அதைப் பொறுக்கிச் சுருட்டிக்கொண்டு போய்க் கொடுப்போம். ஒருநாள் பழைய தாள் ஒன்றை மடித்து, அதில் தங்கூசியைக் கோத்து, எங்கள் முன்னாலேயே இழுத்துக் காட்டினார். துளையிலிருந்து ஓரம் வரை தாள் நேராகப் பிளந்தது. “நூல் எண்டால் தாளுக்கு இசைஞ்சு போகோணும். இது மீனுக்கெண்டு செய்தது, தாளையும் அறுக்கும்” என்றார். அவர் நூல் அவருடைய பழைய பருத்தி வலையிலிருந்து பிரித்தெடுத்த நூல். வீட்டு வளையில் பந்தாகச் சுருட்டித் தொங்கும். கறுத்த மண்ணிறம். மூக்கில் வைத்தால் துவர்ப்பு மணக்கும்.

அந்த மணம் பனிச்சங்காயின் மணம். நைலோனுக்கு முந்திய நாட்களில் பருத்தி வலைக்குச் சாயம் ஏற்றுவது ஊர்கூடிச் செய்கிற வேலையாம். பெருநிலத்தில் ஆற்றங்கரைகளில் நிற்கிற பனிச்சை மரத்தின் பச்சைக் காய்களைச் சாக்குச் சாக்காக ஏற்றி வந்து, உரலில் இடித்து, தண்ணீரில் ஊறப்போட்டு, அந்தத் துவர்ச் சாற்றில் வலையை முக்கி மணலில் விரித்துக் காயவிடுவார்கள். நூல் விறைத்து இறுகிக்கொள்ளும். உப்புநீர் அதை இலகுவில் அழுகச் செய்யாது. தோணியின் பலகை இடுக்குகளை அடைக்கவும் அந்தக் காயின் பசைதான். நான் கண்ட காலத்தில் இதெல்லாம் ஏறக்குறைய முடிந்துபோயிருந்தது. ஆனாலும் அப்பு யாரையாவது பிடித்து மாந்தைப் பக்கமிருந்து ஒரு பை காய் எடுப்பித்துவிடுவார். இடித்துப் பிழிந்த பாலைச் சிரட்டையில் வைத்துப் புத்தக முதுகில் பூசுவார். ஒட்டும், காய்ந்தால் கறுக்கும், பூச்சி கிட்ட வராது. புத்தகம் கட்டுகிறவர்கள் இந்தியாவிலும் இதே பசையைப் பயன்படுத்தினார்கள் என்று பல வருடங்கள் கழித்து ஒரு தாவர நூலில் வாசித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. கடலுக்குப் போன மனிதன் எந்தக் கட்டுநரிடமும் படிக்காமல், வலைக்கும் தோணிக்கும் செய்ததையே புத்தகத்துக்கும் செய்து, அதே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்.

மட்டை ஒட்டுவதற்கு மாப்பசை வேண்டும். அதுதான் சிக்கல். 1973, 1974ஆம் ஆண்டுகளில் பாணுக்கு விடிய முன்னம் வரிசையில் நின்றோம். கூப்பனுக்குக் கிடைக்கிற கோதுமை மாவில் ஒரு கரண்டியைப் பசைக்குக் காய்ச்சினால் அது ஒரு பிள்ளையின் ரொட்டி. ஆச்சி மாப்பேணியை மடியில் வைத்துக்கொண்டு நித்திரை கொள்ளாத குறை. அப்பு கோதுமை மாவைக் கேட்டதே இல்லை. மரவள்ளிக்கிழங்கைத் துருவிப் பிழிந்தால் அடியில் தங்குகிற வெள்ளை மாவைக் காய்ச்சுவார். விளாத்திப் பிசினைத் தண்ணீரில் ஊறவைத்துக் கலப்பார். அதில் மயில்துத்தம் ஒரு துளி. “இது விசம், வாயில வைக்காத” என்று ஒவ்வொரு முறையும் சொல்வார். பச்சை நீலம் ஓடிய அந்தப் பசைச் சட்டியை அவரே கழுவிக் கவிழ்த்துவைப்பார், பிள்ளைகளைத் தொட விடமாட்டார்.

கடதாசிக்கும் பஞ்சந்தான். 1970இல் வந்த அரசாங்கம் இறக்குமதியை இறுக்கிப்பிடித்தபோது வெளிநாட்டுத் தாள் அருகிப்போனது. வாழைச்சேனையில் 1956 முதல் ஓடிக்கொண்டிருந்த காகித ஆலை வைக்கோலை அவித்துச் செய்த தாள்தான் எங்கள் கொப்பிகளில் இருந்தது. பழுப்பு நிறம். வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தால் வைக்கோல் தும்பு தெரியும். மை தொட்டு எழுதினால் தும்பு வழியே மை ஊறிக் கிளை பிரிந்து ஓடும். அதை மட்டம் தட்டிப் பேசுகிறவர்கள் உண்டு. நான் அதோடுதான் எழுதப் பழகினேன். அந்தத் தாளின் சொரசொரப்பு பென்சிலைப் பிடித்து நிறுத்தி எழுதவைக்கும், எழுத்து நிதானமாக வரும்.

நல்ல தாள் எங்களுக்கு வந்தது தலைமன்னார் இறங்குதுறையிலிருந்து. மாமா அங்கே வேலை. இராமேஸ்வரத்திலிருந்து இராமானுஜம் கப்பல் வருகிற நாட்களில் பிரயாணிகள் நிரப்புகிற படிவங்களில் அச்சு மங்கியவை, மடிந்தவை, காலாவதியானவை எல்லாம் கட்டுக்கட்டாகக் கழிக்கப்படும். ஒரு பக்கம் அச்சு, மறுபக்கம் வெறும் வெள்ளை. மாமா கட்டை சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வந்தால் வீட்டில் பெருநாள். இரண்டிரண்டாக முதுகோடு முதுகு ஒட்டி, வெள்ளைப் பக்கம் வெளியே வரும்படி தடித்த தாளாக்குவோம். அவருடைய சட்டைப் பையில் எப்போதும் ஒரு ஊதாக் கொப்பிப் பென்சில் இருக்கும். நுனியை நாக்கில் தொட்டு எழுதினால் அழியாது. ஈரம் பட்டால் மட்டும் ஊதா பரவும். எங்கள் கூத்துக் கொப்பி ஒன்றில் ஒரு முழு விருத்தம் அப்படி ஊதாவாகக் கரைந்திருந்தது. அது 1964 மார்கழிப் புயலில் நனைந்த பக்கம்.

தனுஷ்கோடியைக் கடல் கொண்ட அதே புயல். நான் தவழ்ந்து திரிந்த பிள்ளை, எனக்கு நினைவில்லை. ஆச்சி சொன்னதுதான். 22ஆம் திகதி இரவு கூரை ஓலை பறந்து, விடியப் பார்த்தால் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீராம். பெட்டகத்தில் இருந்த மூன்று கொப்பிகளும் ஊறிப் போய்விட்டன. வெயில் வந்ததும் அப்பு நூலை அறுத்து, தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, முற்றத்தில் வலை காயப்போடுகிற கொடியில் தொங்கவிட்டாராம். ஊர் சனமெல்லாம் இழந்த தோணியையும் வலையையும் தேடி அலைந்த நேரத்தில் இந்த மனிதன் கடதாசி காயப்போட்டுக்கொண்டு நின்றதைப் பார்த்து ஆச்சி அழுதாவாம். “தோணியைக் காசு குடுத்து வாங்கலாம். இதை ஆர் எனக்குத் தருவினம்?” என்று கேட்டாராம் அப்பு.

அந்தக் கேள்வியின் பொருள் பிடிபட எனக்குப் பல வருடம் எடுத்தது. எங்கள் கரையில் புத்தகம் என்பது நெடுங்காலமாகக் கையால் மட்டுமே வந்த பொருள். ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687இல் கோவாவிலிருந்து மறைவாக வந்திறங்கிய யோசேப்பு வாஸ் அடிகளாருக்குப் பின்னால் 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வஸ் சுவாமி தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் குவித்தார். அச்சுக்கூடம் அவர் கைக்கு எட்டாது. ஓலையிலும் தாளிலும் பிரதி செய்து பிரதி செய்துதான் அவை ஊரூராகப் போயின. அவருடைய ‘வியாகுலப் பிரசங்கம்’ எங்கள் வீடுகளில் தபசுகாலத்தில் அழுதழுது வாசிக்கப்பட்டது. ஒருவர் வாசிக்க, சுற்றியிருக்கிற பெண்கள் விம்முவதை நான் கேட்டு வளர்ந்தேன். அதை அச்சுப் புத்தகமாக வைத்திருந்தவர்களும் உண்டு, முப்பாட்டன் கையெழுத்தில் வைத்திருந்தவர்களும் உண்டு. கையெழுத்துப் பிரதி உள்ள வீட்டில்தான் கூட்டம் சேரும்.

கூத்தும் அப்படியே. மாதோட்டப் பாங்கு, யாழ்ப்பாணப் பாங்கு என்று இரண்டு பாணி எங்கள் பகுதியில். ஒன்றுக்கு மேற்பட்ட இரவுகள் ஆடுகிற பெரிய நாடகங்கள் ஒரு பக்கம், ஒரே இரவில் முடிகிற வாசகப்பா இன்னொரு பக்கம். விருத்தம், கொச்சகம், தரு, வசனம் எல்லாம் ஒரு கொப்பிக்குள் இருக்கும். அந்தக் கொப்பி இல்லாமல் அண்ணாவியார் பழக்கம் தொடங்க முடியாது. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மன்னார்ப் பக்கத்துப் பிரதிகளைத் தேடி எடுத்து, ‘எண்டிறிக்கு எம்பரதோர் நாடகம்’, ‘மூவிராசாக்கள் நாடகம்’ ஆகியவற்றை 1964இலும் 1966இலும் பதிப்பித்தார். ‘மூவிராசாக்கள்’ அச்சுப் புத்தகம் எங்கள் வீட்டில் இருந்தது. அப்பு அதை வேதாகமத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். தன் ஊர்ப் பாட்டு யாழ்ப்பாணத்துப் படித்தவர்களுடைய கைக்குப் போயிருக்கிறது என்பதில் அவருக்கு அவ்வளவு பெருமை. அதோடு, தன் கொப்பியில் வேறுவிதமாக இருந்த அடிகளை அச்சுப் புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதிவைத்தார். இரண்டில் எது சரி என்று நான் கேட்டேன். “இரண்டும் பாடினதுதானே” என்றார்.

தைக்கிற வேலையை எனக்கு அவர் பழக்கியது அந்த நாட்களில்தான். ஐந்து தாளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து நடுவால் மடிக்க வேண்டும். மடிப்பை நகத்தால் இழுத்தால் தாள் பளபளத்துக் கீறல் விழும், அதற்கு ஒரு பெரிய சோழி வைத்திருந்தார். சோழியின் முதுகால் மெதுவாக உருட்டி அழுத்தினால் மடிப்பு கூராக நிற்கும். இப்படி எட்டு, பத்து மடிப்பு சேர்த்து நங்கூரக் கல்லுக்குக் கீழே ஒரு இரவு. அடுத்த நாள் குத்தூசியால் ஐந்து துளை. துளை எல்லா மடிப்பிலும் ஒரே நேரில் வர, பனை ஈர்க்கில் அளவு கீறி வைத்திருப்பார். நூலுக்குக் கோயில் மெழுகுதிரியின் அடிக்கட்டையால் மெழுகு பூசி, ஊசியை உள்ளால் விட்டு வெளியால் எடுத்து, ஒவ்வொரு மடிப்பையும் முந்திய மடிப்போடு கொளுவி முடிச்சிட வேண்டும். “இறுக்காத, இறுக்காத! வலை பின்னேக்கை எப்பிடி? கண் ஒருபோல வரோணும்.” தளர்ந்தால் தாள் ஆடும், இறுகினால் புத்தகம் விரியாது. அண்ணாவியாரின் கொப்பி விரித்தால் விரித்தபடி கிடக்கவேண்டும். அவருடைய இரண்டு கையிலும் சல்லாரி இருக்கும், பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க அவருக்குக் கை இல்லை. எங்கள் அப்பு தைத்த கொப்பியை அரிக்கன் லாம்புக்குக் கீழே விரித்துவைத்தால் காற்றடித்தாலும் பக்கம் பிரளாது.

தைத்த பின் ஓரங்களைச் சீராக்குவதற்குக் காய்ந்த திருக்கைத் தோல். அரத்தைவிட நன்றாக அராவும். முதுகுக்கு ஆட்டுத்தோல். மத்தளத்துக்குத் தோல் போர்க்கிறவரிடமிருந்து மிச்சத் துண்டுகள் வரும், விறைத்து மணத்துக்கொண்டு. ஊறவைத்து, உடைந்த போத்தல் ஓட்டால் உட்பக்கத்தைச் சுரண்டிச் சுரண்டி மெல்லியதாக்குவார். அந்தச் சுரண்டலுக்குத்தான் அதிக நேரம். கை வெட்டுப்படாமல், தோலும் ஓட்டையாகாமல் ஓரத்தை வெற்றிலை அளவுக்கு மெலியவைப்பார். ஒரு பின்னேரம் முழுவதும் மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்கும். மட்டைக்குச் சீமெந்துச் சாக்கின் உட்தாளை நாலு ஐந்து படையாக ஒட்டிக் காயவைத்து எடுப்போம். அதைவிடப் பலமான மட்டையை நான் பிறகு எந்தக் கடையிலும் வாங்கியதில்லை. உள்ளட்டைக்கு 1876 முதல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்துகொண்டிருந்த ‘பாதுகாவலன்’ பத்திரிகைத் தாள். எங்கள் கொப்பிகளின் உள்ளட்டைகளில் அந்தந்த வருடத்து மரண அறிவித்தல்களும் திருவிழா அறிவித்தல்களும் இன்றைக்கும் இருக்கின்றன.

கூத்துப் பழகத் தொடங்கினால் வீடு பட்டறையாகும். பெரிய கொப்பியிலிருந்து ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் அவரவர் பாட்டை மட்டும் பிரித்து எழுதிச் சின்னக் கொப்பியாகத் தைத்துக் கொடுக்க வேண்டும். மடியில் செருகிக்கொண்டு கடலுக்குப் போய், வலை இழுக்கிற நேரத்தில் பாடிப் பாடிப் பாடமாக்குவார்கள். பெண்பிள்ளைகள் மேடை ஏறாத காலம் அது. இராணி வேடத்தையும் ஆண்பிள்ளைகளே கட்டினார்கள். ஆனால் இராணியின் பாட்டு முழுவதும் என் கையெழுத்தில்தான் போனது. சேனாதிபதியின் தருவும், கட்டியகாரன் வரவும், தபசியின் விருத்தமும் எல்லாம் என் விரலுக்குள்ளால் போயின. ஆட்டநாள் இரவில் பாயில் உட்கார்ந்திருந்த என் வாய் எல்லாருடைய பாட்டையும் முணுமுணுத்தது. எழுதித் தைத்துக் கொடுத்தவளுக்கு நாடகம் முழுவதும் சொந்தம் என்று எனக்கு அன்று தோன்றியது. இன்றைக்கும் அந்த எண்ணம் மாறவில்லை.

பிரதி செய்வதற்கு அப்பு வைத்த சட்டம் ஒன்றுதான்: இருக்கிறதை இருக்கிறபடி எழுது. விளங்காத சொல் வந்தால் திருத்தாதே, பக்கத்தில் புள்ளி வை. போர்த்துக்கேயச் சொற்கள் உருமாறிக் கிடந்த இடங்களில் என் புள்ளிகள் நிறைந்துபோகும். முதல் பக்கத்தின் தலையில் சிலுவை. கடைசியில் எழுதியவர் பெயர், வருடம், மாதம், ‘பிழைகண்ட பெரியோர் பொறுத்துக்கொள்ளவும்’ என்று ஒரு வேண்டுதல். அதற்குப் பிறகு எப்போதும் சில வெற்றுத் தாள்களைச் சேர்த்தே தைப்பார். கடதாசிப் பஞ்ச காலத்தில் வெற்றுத் தாளா என்று ஆச்சி கேட்பா. “பின்னால வாறவனுக்கும் எழுத இடம் வேணும்” என்பார்.

முடி கட்டுவது இன்னொரு வேலை. இராசாவின் முடிக்கு மட்டை வெட்டி, தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டியிருக்கிற ஈயத்தாளை உரித்து, சுருக்கமில்லாமல் சோழியால் தேய்த்து ஒட்டுவோம். சிகரெட் பெட்டி வெள்ளித்தாளில் பூ. உடைந்த முகம்பார்க்கும் கண்ணாடித் துண்டுகளில் மணி. நெற்றியில் உறுத்தாமல் இருக்க உட்பக்கத்தில் பழைய கம்பளித் துண்டும், ஓரத்தில் கறுப்பு வெல்வெட்டும் தைப்போம். அந்த வெல்வெட் துண்டு ஊருக்குள் சுற்றிச் சுற்றி வந்த பொருள். யாருடையதோ கலியாணச் சட்டையில் தொடங்கி, மூன்று இராசாக்களின் முடியிலும் இருந்துவிட்டு, கடைசியில் எங்கள் பாட்டுப் புத்தகத்தின் மட்டை மூலையாக வந்து நின்றது. பெற்றோல்மாக்ஸ் வெளிச்சத்தில் அந்த ஈயத்தாள் முடி மின்னும்போது, பகலில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த எங்கள் சின்னையா உண்மையாகவே இராசாவாகிப் போவார்.

ஓலை வேலையை நான் படித்தது எருக்கலம்பிட்டியிலிருந்து வருகிற ஒரு உம்மாவிடம். பெட்டியும் பாயும் கொண்டு வந்து விற்றுவிட்டு மத்தியான வெயில் தணியும்வரை எங்கள் திண்ணையில் இளைப்பாறுவா. வெறுங்கையோடு இருக்கத் தெரியாத மனுசி. சார்வோலையை நகத்தால் கிழித்து, சாயம் போட்ட ஓலையும் போடாத ஓலையும் மாறிமாறி வர, பேசிக்கொண்டே ஒரு கொட்டைப்பெட்டியை இழைத்து முடித்துவிடுவா. நான் தைத்த சின்னக் கொப்பிக்கு ஓலையிலேயே ஒரு உறை இழைத்துத் தந்தா. மூடியும் வாயும் கச்சிதமாகப் பொருந்தும், ஒரு துளி மழை உள்ளே போகாது. குருத்து ஞாயிறுக்கு நாங்கள் ஓலையில் சிலுவையும் குருவியும் செய்வதைப் பார்த்து, குருவிக்கு வால் எப்படி விரியவைப்பது என்று சொல்லித்தந்ததும் அவதான். அந்தக் குருவிகளோடு கோயிலுக்குப் போனோம்.

1972 கல்விச் சீர்திருத்தத்தோடு பள்ளிக்கூடங்களுக்குத் தொழின்முன்னிலைப் பாடம் வந்தது. அந்தந்த ஊரின் தொழிலைப் பிள்ளைகள் வகுப்பில் படிக்க வேண்டும். எங்களுக்கு மீன்பிடி. வலையைப் பற்றி எழுத ஒரு கொப்பி வேண்டும் என்று ஆசிரியர் சொன்னபோது நான் அப்புவின் பாணியில் ஒன்று தைத்துக்கொண்டு போனேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அன்றைய பாடத்தையே விட்டுவிட்டு, வகுப்பு முழுவதற்கும் தைக்கக் காட்டும்படி என்னை முன்னால் கூப்பிட்டார். அதிலிருந்து எங்கள் கையெழுத்துச் சஞ்சிகை பிறந்தது. ஒரு இதழுக்கு ஒரே ஒரு பிரதி. அந்தப் பிரதி வீடு வீடாகப் போகும், வாசித்தவர்கள் பின் தாளில் கருத்து எழுதித் திருப்பித் தரவேண்டும். இந்தியச் சஞ்சிகைகளின் வரவும் அப்போது கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. கப்பலில் வந்தவர் யாராவது மடித்துக் கொண்டுவந்த ‘அம்புலிமாமா’வோ ‘கல்கண்டு’வோ கைமாறிக் கைமாறிக் கந்தலாகும். அந்தப் பசிக்கு எங்கள் சஞ்சிகை கொஞ்சம் தீனி போட்டது.

அதில் பள்ளிமுனைப் பெருக்கமரத்தைச் சுற்றி எத்தனை பிள்ளைகள் கை கோர்த்தால் எட்டும் என்று ஒரு கட்டுரை வந்தது. மன்னார்க் கழுதைகள் அராபிய வணிகரோடு வந்த கதை வந்தது. கோட்டைக்குள் பேய் இருக்கிறதென்று ஒரு தொடர்கதை, எழுதியவன் இடையில் புத்தளத்துக்கு மாறிப் போனதால் முடியாமலே நின்றது. படங்களுக்கு நிறம் வேண்டும். மஞ்சளை அரைத்தோம், கரியைத் தேங்காய் எண்ணெயில் குழைத்தோம், செம்பரத்தம்பூவைத் தாளில் தேய்த்து ஊதா எடுத்தோம். கடற்கரையில் ஒதுங்குகிற பாசியை வெள்ளைத் தாளில் விரித்து நங்கூரக் கல்லுக்குக் கீழே வைத்தால், பசையே இல்லாமல் தன் வழுவழுப்பிலேயே ஒட்டிக் காய்ந்து, வரைய முடியாத நுணுக்கத்தோடு கிளை விரிந்து நிற்கும். ஒரு இதழின் அட்டை முழுவதும் அப்படிச் செம்பாசி. முதல் பக்கத்தின் தலையில் எதைப் போடுவது என்று பேச்சு வந்தபோது, நான் சிலுவை போட்டேன், திருக்கேதீச்சரப் பக்கத்திலிருந்து வந்து படித்தவன் பிள்ளையார் சுழி போட்டான், மூர்வீதியிலிருந்து வந்தவள் 786 எழுதினாள். மூன்றும் ஒரே வரியில் நின்றன. ஆசிரியர் அதற்குக் கீழே தன் கையெழுத்தை இட்டார்.

அப்பு 1980இல் இறந்தார். கப்பல் 1984இல் நின்றது. 1990 ஆனியில் மறுபடி போர் மூண்டபோது பேசாலையிலிருந்தும் தலைமன்னாரிலிருந்தும் இரவிரவாகத் தோணிகள் இராமேஸ்வரத்துக்குப் போயின. எங்கள் குடும்பமும் போனது. ஆளுக்கு ஒரு பை. அம்மா நகையோடும் பிறப்புச் சான்றிதழோடும் கூத்துக் கொப்பியையும் எடுத்து, எருக்கலம்பிட்டி உம்மா இழைத்த ஓலை உறைகளில் பெரியதொன்றுக்குள் வைத்து, மேலே பொலித்தீன் சுற்றினா. அதே வருடம் ஐப்பசியில் வடக்கிலிருந்த முஸ்லிம்கள் எல்லாரையும் புலிகள் வெளியேற்றினார்கள். எருக்கலம்பிட்டிச் சனம் கடல்வழியாகக் கற்பிட்டிப் பக்கம் போனதென்று மண்டபம் அகதி முகாமில் இருந்தபோது கேள்விப்பட்டோம். அந்த உம்மா போனாவா, அப்போது உயிரோடு இருந்தாவா என்று எங்களில் யாருக்கும் தெரியாது. அவவுடைய கைகளை நினைத்து நான் அழுதேன். எங்கள் நாடகத்தை நனையாமல் கடல் கடக்கவைத்தது அந்தக் கைகள் இழைத்த ஓலை. தன் வீட்டிலிருந்து எதைத் தூக்கிக்கொண்டு போக அவவுக்கு விட்டார்கள்?

போருக்குள் எத்தனை கொப்பிகள் போயின என்று கணக்கெடுக்க யாரும் இருக்கவில்லை. எரிந்த வீடுகளோடு எரிந்தன, கறையான் தின்றது, மடுக் கோயிலுக்கு ஓடினவர்கள் வழியில் போட்டுவிட்டுப் போனார்கள். யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடையால் பத்திரிகைகளையே கோடுபோட்ட அப்பியாசக் கொப்பித் தாளில் அச்சடித்த காலம் அது, கூத்துக் கொப்பிக்கு யார் தாள் தருவார்? ஆனால் மண்டபம் முகாமில் நான் ஒன்றைக் கண்டேன். வெவ்வேறு ஊர்க்காரர் பக்கத்துப் பக்கத்து அறைகளில் இருந்தார்கள். எங்கள் கொப்பியில் புயல் கரைத்த ஊதா விருத்தம் தலைமன்னார்ப் பெரியவர் ஒருவரின் நெஞ்சில் இருந்தது. அவர் பாட, அம்மா ஒரு தாளில் எழுதி, அந்தப் பக்கத்துக்கு எதிரே நூலால் கோத்துவைத்தா. அவருக்கு மறந்துபோயிருந்த தரு ஒன்று எங்கள் கொப்பியில் இருந்தது. அதை நான் எழுதிச் சின்னக் கொப்பியாகத் தைத்துக் கொடுத்தேன். முகாம் கடையில் வாங்கிய தாள், அம்மாவின் சேலைத் தலைப்பிலிருந்து உருவிய பருத்தி நூல்.

கொப்பி இப்போது பேசாலையில் என் தம்பியின் மகனிடம் இருக்கிறது. அவன்தான் இப்போது இளம்பிள்ளைகளுக்குக் கூத்துப் பழக்குகிறான், பெண்பிள்ளைகளும் ஆடுகிறார்கள். பக்கங்களையெல்லாம் கைபேசியில் படம் பிடித்து வைத்திருக்கிறான், நல்ல வேலைதான். ஆனாலும் பழக்கும்போது முன்னால் விரித்துவைப்பது கொப்பியைத்தான். அப்பு பின்னால் விட்டுவைத்த வெற்றுத் தாள்களில் எந்த வருடம் யார் எந்த வேடம் கட்டினார்கள் என்ற விபரம் வெவ்வேறு கையெழுத்துகளில் நிறைந்துவிட்டது. 1983க்குப் பிறகு பல வருடங்களுக்கு ஒன்றும் இல்லை. பிறகு நீலப் பேனாவில் புதிய பெயர்கள் தொடங்கி, கடைசித் தாளின் அடி வரை வந்துவிட்டன. போன தபசுகாலத்தில் நான் ஊருக்குப் போயிருந்தபோது எழுத இடமில்லை என்றான். முதுகுத் தோலைக் கொஞ்சம் ஈரப்படுத்தித் தூக்கி, பழைய தையலின் கடைசி முடிச்சில் கொளுவி, ஐந்து தாளில் ஒரு புது மடிப்பைத் தைத்துக் கொடுத்தேன். பனிச்சங்காய்க்கு அவனுடைய கூட்டாளி மோட்டார் சைக்கிளில் மாந்தைப் பக்கம் போய் வந்தான். இராணி வேடம் கட்டுகிற பிள்ளையின் பெயர் அதில் முதலாவதாக எழுதப்பட்டிருக்கிறது.